சூப்பர்சீட்: எஸ்ஸா, சியா

நவம்பர் 6, 2006. திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. முடிச்சூர் பக்கம் முழங்கால் தண்ணீராம். சேலையூரில் அவ்வளவு இல்லை. செருப்பு மட்டும் நாசம்.

பத்தரைக்கு ஆர்டர் வந்தது. டைப் செய்ய என்னிடம் வரவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் இந்த டிரஸ்ட் ஆபீசிலிருந்து என் கை படாமல் வெளியே போன முதல் ஆர்டர். சனிக்கிழமை செயலர் சாரும் போர்டுக்காரர்களும் கதவைச் சாத்திக்கொண்டு பேசியபோதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

புதிய சூப்பிரண்டு: கவிதா. சர்வீஸ் ஒன்பது வருடம். போன வருடம்தான் எங்கள் கூடுவாஞ்சேரிப் பள்ளி ஆபீசிலிருந்து இங்கே மாற்றலாகி வந்தாள். கம்ப்யூட்டர் நன்றாகத் தெரியும்.

பழைய சூப்பிரண்டு ரிட்டையரான நாளிலிருந்து அடுத்தது நான்தான் என்று எல்லாரும் சொன்னார்கள். நான் வாயைத் திறந்ததில்லை. ஆனால் நினைத்தேன். இந்த நோட்டிலுமா பொய் எழுதுவது?

கவிதா வந்து என் மேஜை முன்னால் நின்றாள். "அக்கா..." என்றாள். "கங்கிராட்ஸ்" என்றேன். நன்றாகத்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

அக்கவுண்ட்ஸ் மோகன் சார் குரலைத் தாழ்த்தி, "உங்கள சூப்பர்சீட் பண்ணிட்டாங்க மேடம். ஜூனியரத் தூக்கி மேல வெச்சுட்டாங்க. சும்மா விடாதீங்க."

அட்டெண்டர் பச்சையம்மா கோவளத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவள். பாதிதான் காதில் விழுந்திருக்கிறது. டீ டம்ளரோடு ஓடி வந்தாள்.

"இன்னாக்கா, உனுக்கு சூப்பர் சீட்டு குட்த்துக்கிறாங்களாமே! ஸ்வீட்டு எங்க?"

மோகன் சார் விளக்கினார். அவள் முகம் சுருங்கிப்போனது.

"அய்ய! கீற சீட்டப் புடுங்குறதுக்கா சூப்பருன்னு பேரு வெச்சிக்கினு கீறாங்க?"

சிரித்துவிட்டேன். பிறகு பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். ஐந்து நிமிடம்.

நவம்பர் 7. செவ்வாய்

தூறல். வாங்க வேண்டியது: கொசுவத்தி, கோதுமை மாவு, குடைக்குக் கம்பி.

இவர் ரயில்வே புக்கிங்கில் காலை ஷிப்ட் முடித்து வந்ததும் யூனியன் ஆபீசில் பேசுகிற குரலில் ஆரம்பித்தார். "ரெப்ரசென்டேஷன் குடு லீலா. எழுத்துல குடு. வாயால சொன்னா காத்துல போயிடும்." பதினெட்டாம் தேதி போர்டு மீட்டிங். அதற்குள் விண்ணப்பம் உள்ளே போயாக வேண்டும்.

ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதினேன். நான் இன்ன தேதியில் சேர்ந்தேன். இன்னின்ன வேலை பார்த்தேன். எந்தக் காரணமும் சொல்லாமல் ஜூனியரால் சூப்பர்சீட் செய்யப்பட்டேன். காரணத்தைத் தெரிவிக்கவும். அவ்வளவுதான். கவிதாவின் பெயரைப் போடவில்லை.

இவர் படித்துப் பார்த்துவிட்டு, "ஸ்பெல்லிங் தப்பு. எஸ் இல்ல, சி" என்றார்.

"எஸ்தாங்க."

"இன்டர்சீடுக்கு சி. பிரிசீடுக்கு சி. கன்சீடுக்கு சி. இதுக்கு மட்டும் எஸ் எங்கேர்ந்து வரும்?"

டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் எங்களுக்குக் கற்றுத்தந்த வாய்ப்பாட்டைச் சொன்னேன். சீட் என்று முடிகிற வினைச்சொற்களில் இரட்டை இ போடுவது மூன்றே மூன்று: புரொசீட், எக்சீட், சக்சீட். எஸ் போடுவது ஒன்றே ஒன்று: சூப்பர்சீட். மிச்சம் எல்லாவற்றுக்கும் சி.

"அந்த ஒண்ணே ஒண்ணுதானா உனக்கு வந்து வாய்க்கணும்" என்றார்.

நவம்பர் 8. புதன்

மழை இல்லை. வெயில் சுளீரென்று அடித்தது.

விண்ணப்பத்தை நேராகச் செயலர் சார் மேஜையில் வைத்துவிட்டு வந்தேன். கவிதாவைத் தாண்டிப் போனது தவறுதான். சூப்பிரண்டு வழியாகத்தான் எந்தக் காகிதமும் போக வேண்டும். அவள் மீதான வருத்தத்தை அவள் கையிலேயே கொடுக்கக் கூச்சமாக இருந்தது.

நவம்பர் 9. வியாழன்

காகிதம் திரும்பி வந்தது.

பச்சையம்மாதான் கொண்டுவந்து கொடுத்தாள். சூப்பர்சீட் என்ற சொல்லைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம். எஸ்ஸின் தலையில் ஒரு சி. கீழே இரண்டு வரி: எழுத்துப் பிழையைத் திருத்தி, சூப்பிரண்டு மூலம் அனுப்பவும்.

இருபத்திரண்டு வருடத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. காரணம் கேட்டிருந்தேன், அதைப் பற்றியும் இல்லை. ஒரு எழுத்துதான் அவர் கண்ணில் பட்டிருக்கிறது.

செயலர் சார் ஆங்கிலப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் திருத்தினால் அது திருத்தம். மோகன் சார் எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன மேடம், கேஸ்ல முக்கியமான வார்த்தையவே தப்பா எழுதிட்டீங்களே" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் பக்கத்து மேஜையில் யாரோ சிரித்தார்கள்.

பீரோவைத் திறந்து பழைய சர்க்குலர் ஃபைலை எடுத்தேன். 'இது முந்தைய உத்தரவை சூப்பர்சீட் செய்கிறது' என்று வருடத்துக்குக் குறைந்தது நான்கு போகும். எல்லாம் நான் டைப் செய்தவை. எல்லாவற்றிலும் எஸ். சிலவற்றுக்குக் கீழே செயலர் சாரின் கையெழுத்தே இருக்கிறது. அப்போது அவர் கண்ணில் படவில்லை போலும். அல்லது இத்தனை வருடமும் நான் தப்பாகவே அடித்துக்கொண்டிருந்தேனா?

இந்தச் சந்தேகம்தான் ஆர்டரைவிட அதிகமாக வலிக்கிறது. பதவி தராவிட்டால் போகட்டும். எனக்குத் தெரிந்தது என்று இருந்தது இது ஒன்றுதான்.

நவம்பர் 10. வெள்ளி

தலைவலி. சாம்பாரில் உப்பு இரண்டு முறை போட்டுவிட்டேன்.

வீட்டில் இருக்கும் சின்ன அகராதியில் அந்தச் சொல்லே இல்லை. சாயங்காலம் பிரவுசிங் சென்டருக்குப் போனேன். அங்கே இருந்த பெண்ணிடம் இரண்டு விதமாகவும் தேடச் சொன்னேன். இரண்டுக்குமே பக்கம் பக்கமாக வந்தது. சி போட்டு எழுதியவர்களில் வக்கீல்கள் இருக்கிறார்கள், பத்திரிகைக்காரர்கள் இருக்கிறார்கள்.

"ரெண்டுமே வருது மேடம். அப்போ ரெண்டுமே கரெக்ட்தான்" என்றாள் அந்தப் பெண்.

"அது எப்படிம்மா?"

"அதான் வருதே மேடம்."

இவர்: "சி போட்டே குடுத்துடேன். உனக்கு வேண்டியது நியாயமா, ஸ்பெல்லிங்கா?"

இரண்டும் வேண்டும் என்று சொன்னால் சிரிப்பார்.

நவம்பர் 11. சனி

இரண்டாம் சனி. ஆபீஸ் லீவு. மறுபடி மழை.

மேற்குத் தாம்பரம் நூலகம். ரயில்வே பாலத்தின் மேல் ஒரே கூட்டம், ஒரே சேறு. நூலகரிடம் பெரிய ஆங்கில அகராதி கேட்டேன். அட்டை கிழிந்து, கயிறு கட்டி இருந்தது. எஸ் பகுதி நல்லவேளையாக முழுசாக இருக்கிறது.

எஸ்தான்.

மூன்று முறை படித்தேன். லத்தீனில் 'சூப்பர்' என்றால் மேலே. 'செதேரே' என்றால் உட்காருவது. மேலே உட்காருதல். சி போட்டு முடியும் சொற்கள் வேறொரு வேரிலிருந்து வந்தவை. அந்த 'சீட்'டுக்குப் போவது, விட்டுக்கொடுப்பது என்று பொருள். ஓசை ஒன்றாக இருப்பதால் பல நூறு வருடமாகவே ஜனங்கள் குழம்பியிருக்கிறார்கள். பிரெஞ்சுக்காரர்களே ஒரு காலத்தில் சி போட்டு எழுதியிருக்கிறார்கள். சி போட்ட வடிவமும் புழக்கத்தில் உண்டு, ஆனால் பெரும்பாலோர் அதைப் பிழையாகவே கருதுவர் என்று கடைசியில் ஒரு வரி.

ஆக, இவரும் முட்டாள் இல்லை, செயலர் சாரும் இல்லை. குழம்புவதற்கு இடம் இருக்கிற சொல்தான்.

இன்னொன்றும் இருந்தது. லத்தீனில் அந்தச் சொல்லுக்கு 'செய்யாமல் விலகி இரு' என்றும் ஒரு அர்த்தம் உண்டாம். இருபத்திரண்டு வருடம் நான் செய்தது அதுதானோ? ஒன்றும் கேட்காமல், யாராவது கூப்பிட்டுக் கொடுப்பார்கள் என்று சும்மா உட்கார்ந்திருந்தது?

பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டேன். மழையில் நனையாமல் ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு வந்தேன். ஐம்பத்தோரு வயதில் இந்த வேலை.

நவம்பர் 12. ஞாயிறு

சர்ச். பிரசங்கம் எதைப் பற்றி என்று கேட்டால் எனக்குத் தெரியாது. பிஷ் மார்க்கெட்டில் சங்கரா நன்றாக இருந்தது. இவர் சமைத்தார். என்னைச் சமாதானப்படுத்துவதாக நினைப்பு. குழம்பு நன்றாகத்தான் இருந்தது.

"ஜெயிச்சிட்டியாக்கும்" என்றார், ஜெராக்ஸைப் பார்த்து.

"இன்னும் எதுவும் ஜெயிக்கல."

நவம்பர் 13. திங்கள்

வானம் மூடி இருந்தது. மழை இல்லை.

விண்ணப்பத்தைப் புதிதாக எழுதினேன். அதே எஸ். ஜெராக்ஸையும் பின் செய்து கவிதாவிடம் கொடுத்தேன். உட்கார்ந்திருந்தவள் எழுந்து நின்று படித்தாள்.

"என்னப் பத்திதானேக்கா இது?"

"உன்னப் பத்தி இல்ல. ஆர்டரப் பத்தி."

"நான் கேக்கலக்கா. சத்தியமா கேக்கல. கூப்பிட்டுக் குடுத்தாங்க. வேணாம்னு சொல்ற நெலமையில நான் இல்ல. எங்க வீட்டுக்காரரு வேல பாத்த கம்பெனிய மூடி எட்டு மாசம் ஆகுது."

எனக்குத் தெரியாது. ஒரு வருடமாக எதிர் மேஜையில் இருக்கிறாள். தெரியாது.

"வேணாம்னு சொல்லச் சொல்லல கவிதா. ஃபார்வர்ட் மட்டும் பண்ணு."

அவள் ஜெராக்ஸைப் படித்தாள். "ஐயோ, நானும் 'சி'ன்னுதான் நெனச்சிட்டிருந்தேன்." பிறகு பேனாவை எடுத்து விண்ணப்பத்தின் ஓரத்தில் எழுதினாள். 'அனுப்பப்படுகிறது. இரண்டாம் பத்தியில் உள்ள சொல்லின் எழுத்து சரியானதே. அகராதிப் பக்கம் இணைக்கப்பட்டுள்ளது.' கையெழுத்து. தேதி.

"அந்த ரெண்டாவது வரி வேணாம். உன்மேல கோவப்படுவாரு."

"எழுதிட்டேன்க்கா. அடிச்சா அசிங்கமா இருக்கும்."

அவளே காகிதத்தை ஃபைலில் வைத்து நாடாவைக் கட்டினாள். பார்த்தேன். போன திங்களிலிருந்து இவளைப் பற்றி மனதுக்குள் என்னென்னவோ சொல்லியிருக்கிறேன். அதையெல்லாம் இங்கே எழுதாமல் விட்டது நல்லதாயிற்று.

நவம்பர் 14. செவ்வாய்

குழந்தைகள் தினம். பள்ளிப் பிள்ளைகள் வந்து ஆளுக்கொரு சாக்லேட் கொடுத்தார்கள். செயலர் சார் அறையிலிருந்து பதில் இல்லை. கவிதாவை இரண்டு முறை உள்ளே கூப்பிட்டார். இரண்டு முறையும் ஃபைல் விஷயம்தானாம்.

நவம்பர் 15. புதன்

செயலர் சார் மூன்று மணிக்குக் கூப்பிட்டார்.

"உக்காருங்கம்மா" என்றார். அந்த அறையில் நான் உட்கார்ந்தது டிக்டேஷனுக்கு மட்டும்தான். நோட்டு இல்லாமல் உட்கார்ந்ததும் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

ஜெராக்ஸ் அவர் முன்னால் இருந்தது.

"முப்பத்தோரு வருஷம் கிளாஸ் எடுத்தேன். எத்தனை பசங்க பேப்பர்ல இத சரியா எழுதியிருப்பாங்க. எல்லாத்தையும் அடிச்சிருக்கேன். சிவப்பு மையில." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒருத்தன் கூட வந்து கேக்கல, பாருங்க."

சந்தோஷப்படலாம் என்றுதான் போனேன். வரவில்லை. எழுபது வயதுக்காரர், தன்னிடம் படித்த பையன்களின் முகங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்ப்பது போல உட்கார்ந்திருந்தார்.

"இது குழப்பமான வார்த்தைதான் சார். அதுலயே போட்டிருக்கு."

"வாத்தியாருக்குக் குழப்பம் இருக்கலாம்மா. சிவப்பு மைக்கு இருக்கக் கூடாது."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விண்ணப்பத்தைக் கையில் எடுத்தார்.

"காரணம் கேட்டிருக்கீங்க. சொல்றேன். இனிமே எல்லாம் கம்ப்யூட்டர். உங்களுக்கு அதுல விருப்பம் இல்லன்னு நெனச்சேன். நீங்க ஒரு நாளும் கத்துக்கறேன்னு கேக்கலயே?"

"நீங்களும் கத்துக்கறியான்னு கேக்கல சார்."

எங்கிருந்து வந்தது அந்தக் குரல் என்று தெரியவில்லை. அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"ஆமா" என்றார். "கேக்கல."

நவம்பர் 18. சனி

போர்டு மீட்டிங். உள்ளே ஆறு காபி, ஆறு போண்டா போயிற்று. பச்சையம்மா ஒவ்வொரு முறை வெளியே வரும்போதும் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். "இன்னாவோ உன் பேரு அடிபட்துக்கா. நல்லதுக்கா கெட்துக்கான்னு பிரியல."

நவம்பர் 20. திங்கள்

முடிவு: கவிதாவின் ஆர்டர் அப்படியே நிற்கும். எனக்குக் கூடுவாஞ்சேரிப் பள்ளி ஆபீசில் சூப்பிரண்டு பதவி. அதே கிரேடு. நான் எதிர்பார்த்த இடம் கிடைக்கவில்லை. ஆனால் வெறுங்கையோடும் அனுப்பவில்லை. கம்ப்யூட்டர் கிளாசுக்கு வாரம் இரண்டு நாள் அனுமதி.

சந்தோஷமா? முக்கால்வாசி. கவிதாவுக்கு என்னைவிட அதிகம். என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அவள் பதவி போகவில்லையே என்று எனக்கும் உள்ளுக்குள் ஒரு நிம்மதி. இது எனக்கே ஆச்சரியம்.

ஆர்டரை செயலர் சாரே டிக்டேட் செய்தார், எனக்கே. கடைசிப் பத்தி: 'இந்த ஆணை, இன்ன எண், இன்ன தேதியிட்ட முந்தைய ஆணையை...' அங்கே நிறுத்தினார். என்னைப் பார்த்தார். "எழுதுங்க. எஸ்" என்றார்.

சுருக்கெழுத்தில் எஸ்ஸும் கிடையாது, சியும் கிடையாது. ஓசை மட்டும்தான். அதை அவரிடம் சொல்லவில்லை.

டைப் அடிக்கும்போது அந்த எஸ்ஸைக் கொஞ்சம் அழுத்தி அடித்தேன். மன்னிக்க வேண்டும்.

நவம்பர் 27. திங்கள்

வெயில். செங்கல்பட்டு வண்டி எட்டு இருபதுக்கு. எல்லோரும் சென்னை பீச் ஸ்டேஷன் பக்கம் போகிற நேரம், எதிர்ப்பக்கம் கூட்டம் இல்லை. பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம். வழியெல்லாம் ஏரி நிரம்பி இருக்கிறது. பிளாட் போட்டு நட்ட கற்கள் தண்ணீருக்குள் தலை மட்டும் நீட்டிக்கொண்டு. புதுப் புடவை கட்டியிருந்தேன், சாக்லேட் கலர்.

தலைமை ஆசிரியை அழைத்துப் போய் அறிமுகம் செய்தார். "இவங்கதான் நம்ம புது சூப்பிரண்டு, லீலா மேடம். இவரு செல்வராஜ், அசிஸ்டென்ட்."

ஐம்பது வயதிருக்கும். ஒல்லி. "வாங்க மேடம்" என்று எழுந்தார். பெரிய மேஜையின் டிராயர்களைக் காலி செய்து துடைத்து வைத்திருந்தார். அவருடைய சாமான்கள், ஒரு டிபன் பாக்ஸ், ரப்பர் ஸ்டாம்பு, மகள் படம், எல்லாம் ஓரத்துச் சின்ன மேஜையில். அது இன்று காலைதான் அங்கே போயிருக்கிறது என்று பார்த்ததும் தெரிந்தது.

ஃபைல்களைக் காட்டினார். கேட்டதற்கு மட்டும் பதில். மதியம் தனியாகச் சாப்பிட்டார்.

மூன்று மணிக்கு ஆர்டர் புக்கைப் புரட்டினேன். போன வருடம் இந்தப் பெரிய மேஜை காலியானபோது பள்ளியிலேயே போட்ட ஆணை. 'மறு உத்தரவு வரும்வரை திரு. செல்வராஜ் ஆபீஸ் பொறுப்பைக் கவனிப்பார்.' மேலே எண், தேதி. அந்த எண்ணையும் தேதியையும் நான் போன வாரம்தான் டைப் அடித்தேன். என் ஆணையின் கடைசிப் பத்தியில். பெயர் இல்லை, எண் மட்டும்தான் இருந்தது. என் கண் முழுக்க எஸ் மேலேயே இருந்திருக்கிறது. இது யாருடைய ஆணை என்று கேட்கத் தோன்றவே இல்லை.

செல்வராஜ் இரண்டாவது காபி கொண்டுவந்து வைத்தார். ஆர்டர் புக்கை மூடி வைத்தேன். நாலே முக்கால் வண்டிக்கு வந்துவிட்டேன்.

இவர் வாசலிலேயே நின்றிருந்தார். "எப்படி இருந்துது சூப்பிரண்டம்மா?" சந்தோஷமான முகம். நன்றாக இருந்தது என்றேன்.

நவம்பர் 28. செவ்வாய்

வெயில்தான் இன்றும். போனதும் பையைக்கூட வைக்காமல் அவர் மேஜைக்குப் போனேன்.

"உங்க சர்வீஸ் எவ்வளவு சார்?"

"பத்தொம்பது வருஷம் மேடம். இதே ஆபீஸ்ல."

"என்னப் போடறதப் பத்தி உங்ககிட்ட யாராவது பேசினாங்களா?"

"இல்ல மேடம். ஆர்டர் வந்துதான் தெரியும்." பிறகு அவசரமாக, "நீங்க சீனியர் மேடம், முறைப்படி சரிதான். நான் ஒண்ணும் நெனைக்கல."

நினைத்திருக்கிறார். மூன்று வாரத்துக்கு முன்னால் கவிதாவிடம் 'கங்கிராட்ஸ்' சொன்ன என் குரலும் இப்படித்தான் இருந்திருக்கும்.

"நான் கேட்டு வரல சார். ஆனா வந்துட்டேன். வேணாம்னு திரும்பிப் போக மாட்டேன், பொய் சொல்லல. உங்களுக்குக் கேக்கணும்னு தோணுச்சுன்னா எழுதிக் குடுங்க. என் வழியாத்தான் போகணும். நான் நிறுத்த மாட்டேன். போர்டுக்கு என் கையெழுத்தோட போகும்."

அவர் என்னைப் பார்த்தார். நம்பவில்லை. அவர் இடத்தில் இருந்திருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.